துடைப்பத்தின் கைவரிசை

அலுவலகத்தில் அவளுக்குத் துடைப்பம் என்று பெயர். மற்றவர்கள் கம்ப்யூட்டர் நிரல் எழுதிக் குவிப்பார்கள். அவள் அழித்துக்கொண்டே இருப்பாள். அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன் மின்னல். கை வேகத்துக்காக அந்தப் பெயர். ஆனாலும் அவளைத்தான் சீனியர் ஆக்கினார்கள். மாங்கு மாங்கென்று எழுதுகிறவன் நான், பெயரைத் தட்டிக்கொண்டு போகிறவள் அவளா என்று இவனுக்கு உள்ளுக்குள் புகைந்தது.

ஒரு மருத்துவமனைக்கு அவர்கள் மென்பொருள் செய்து கொடுத்திருந்தார்கள். நர்ஸ் மருந்தைக் கொடுக்குமுன் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். ஏதாவது இசகுபிசகாக இருந்தால் திரையில் எச்சரிக்கைப் பெட்டி வரும். அப்படியும் ஒரு நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து போய்விட்டது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

எச்சரிக்கைகளைக் கூட்டுங்கள் என்றார் மேனேஜர். மின்னல் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினான். வெறும் வயிற்றில் ஆகாது, தூக்கம் வரும், நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. இனி சீனியர் பதவி வீடு தேடி வரும் என்றிருந்தான்.

துடைப்பம் பார்த்துவிட்டு, முக்கால்வாசியை எடுத்துவிடலாம் என்றாள். இவனுக்குச் சுர்ரென்று ஏறியது.

“அடுத்த வாரம் எங்கம்மாவுக்கு அங்கதான் மூட்டு ஆபரேஷன். அவங்களுக்குப் பெனிசிலின் ஆகாது, அங்க பதிஞ்சிருக்கு. இதுல விளையாடாத.”

“அப்ப வா, வார்டுலயே போய்ப் பார்த்துட்டு வரலாம்.”

வார்டில் ஒரு நர்ஸின் மேசைப் பக்கம் உட்கார்ந்தார்கள். அந்த அம்மாளுக்குத் தலைக்கு மேல் வேலை. எச்சரிக்கைப் பெட்டி எட்டிப் பார்ப்பதற்குள் விரல் ‘சரி’யைத் தட்டிவிடும். கண் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மின்னல் பார்த்துப் பார்த்து எழுதியதெல்லாம் வந்த சுவடு தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. படித்தீர்களா என்று தயங்கிக் கேட்டான்.

“அது பாட்டுக்கு எதையாவது சொல்லிட்டே இருக்கும் சார். அதைப் படிச்சிட்டிருந்தா மருந்து யாரு குடுக்கறது?”

மின்னலின் முகத்தில் ஈயாடவில்லை. அம்மாவுக்கு வரவேண்டிய பெனிசிலின் பெட்டியும் இந்தக் கும்பலில் ஒன்றாகத்தான் வரும்.

அலுவலகம் திரும்பியதும் துடைப்பம் அழிக்க உட்கார்ந்தாள். முதலில் போனது இவனுடையது இல்லை. அவளே முன்பு எழுதிய எச்சரிக்கைகள். அவளைச் சீனியர் ஆக்கியதே அந்த வேலைதான். பதவி கிடைத்த அன்று எல்லோரும் கைதட்டினார்கள், இவன் பேருக்குத் தட்டினான். ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி அதை அவள் ஒட்டுமொத்தமாக வழித்துப் போட்டாள். மின்னலுக்கு மலைப்பாக இருந்தது. தான் எழுதியதில் ஒரு வரியை யாராவது தொட்டாலே பிள்ளையை அடித்ததுபோல் துடிக்கிறவன் அவன்.

மிஞ்சியது அந்தந்த நோயாளியின் உயிருக்கு ஆபத்தான மருந்துக்கு வரும் எச்சரிக்கை மட்டும். அதில் ‘சரி’ பொத்தானே இல்லை. திரை முழுக்கச் சிவக்கும். நோயாளியிடம் விசாரித்து எழுதினால்தான் நகரும். மேனேஜர் தாம்தூம் என்று குதித்தார். ஏதாவது ஆனால் நான் பொறுப்பு என்று அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆபரேஷன் முடிந்து அம்மா அரைமயக்கத்தில் கிடந்தார். மின்னல் பக்கத்தில் இருந்தான். டாக்டர் அவசரத்தில் எழுதிய ஊசியோடு அதே நர்ஸ் வந்தார். அடுத்த கட்டில்காரரோடு பேசிக்கொண்டே தள்ளுவண்டிக் கம்ப்யூட்டரில் தட்டினார். விரல் சட்டென்று நின்றது. திரை சிவந்திருந்தது. பேச்சை நிறுத்திவிட்டு, ஊசியைத் தட்டில் வைத்தார்.

“சார், அம்மாவுக்குப் பெனிசிலின் ஆகாதா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினான். ஊசி திரும்பிப் போனது. அம்மா ஒன்றும் அறியாமல் தூங்கினார். மின்னல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

பிறகு வராந்தாவுக்கு வந்து துடைப்பத்துக்குப் போன் போட்டான். நடந்ததைச் சொன்னான். நன்றி என்பது வாய்வரை வந்து, போதாது என்று திரும்பிவிட்டது.

“நாளைக்கு வந்துடுவேன்,” என்றான். “நான் எழுதினதுல இன்னும் எதையெல்லாம் அழிக்கணும்னு பார்த்து வை.”