அம்மாவின் பங்குப் பிட்டு

கோப்பாய்ப் பரமலிங்கம் பிட்டுச் சாப்பிடுவதை விட்டுவிட்டார் என்றால் அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். காலையில் பிட்டு, இரவில் பிட்டு, யாராவது கொண்டுவந்து தந்தால் மத்தியானமும் பிட்டு என்று ஐம்பத்தைந்து வயது வரை வாழ்ந்த மனிதர் அவர். அடுப்பில் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி ஏறினால் வெங்காயத் தோட்டத்தின் அடுத்த அந்தத்தில் நின்றாலும் ஆளுக்கு மணந்துவிடும் என்று மனைவி தங்கமுத்து பகிடி பண்ணுவா. அப்படிப்பட்டவர், தொண்ணூற்றோராம் ஆண்டு ஐப்பசியில் தங்கமுத்து கண்ணை மூடியதிலிருந்து, பிட்டைக் கையாலும் தொடவில்லை.

அம்மாவின் கைப்பக்குவம் தன்னிடம் இல்லை, அதுதான் ஐயாவுக்கு இறங்கவில்லை என்று மகள் அருந்ததி நினைத்தாள். இரண்டு தரம் அவித்துப் பார்த்தாள். இரண்டு தரமும் அவர் கஞ்சி கேட்டார். மூன்றாம் தரம் அவள் அவிக்கவில்லை. நீத்துப்பெட்டியைக் கழுவிக் காயவைத்துக் குசினிக் கூரை வளையில் கொழுவிவிட்டாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, தைப்பொங்கலும் பொங்காமல் கழிந்து பத்து நாள் போயிருக்கும். பரமலிங்கம் பட்டணத்துக்குச் சைக்கிளில் போய்விட்டு வந்து, மடித்த கடதாசி ஒன்றை மேசையில் வைத்தார். அதற்கு மேலே தண்ணீர்ச் செம்பை வைத்தார், பறந்துவிடுமாம்.

"என்னய்யா இது?"

"மிஸி வேலை படிக்க ஆள் எடுக்கினமாம். மாசம் முடியமுதல் குடுக்கவேணும். நிரப்பு பிள்ளை."

ஆஸ்பத்திரித் தாதிமாரை எங்கள் பக்கத்தில் மிஸி என்றுதான் சொல்வார்கள். அருந்ததி கடதாசியை விரித்துப் பார்க்கவே இல்லை.

"எனக்கு வேண்டாம்."

"ஏன்? பள்ளிக்கூடத்திலை ஏ.எல். வரை படிச்சிட்டுச் சும்மாதானே இருக்கிறாய்? ஊசிக்காரப் பெட்டை எண்டு ஊரே உன்னைத்தானே சொல்லுது?"

"இனி ஒருத்தரும் சொல்லமாட்டினம்" என்றாள் அவள். சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய், ஏற்கெனவே கழுவிய சட்டிகளை இன்னொருதரம் கழுவினாள்.

ஊசிக்காரப் பெட்டை என்ற பட்டம் அவளுக்குச் சும்மா கிடைத்ததல்ல. தங்கமுத்துவுக்குச் சலரோகம், சீனி வருத்தம். தினமும் காலையில் இன்சுலின் ஏற்றவேண்டும். ஆஸ்பத்திரி மிஸி ஒருத்தியிடம் அருந்ததி அதைப் பழகிக்கொண்டாள். கண்ணாடி ஊசியை அவிப்பாள், மருந்தின் அளவுக் கோட்டை வெளிச்சத்தில் பிடித்து மூன்று தரம் பார்ப்பாள், பிறகுதான் அம்மாவின் கையைத் தொடுவாள். சண்டையால் கரண்ட் போய் ஊரில் குளிர்ப்பெட்டி எல்லாம் வெறும் அலுமாரியான பிறகு, ஒரு பானையில் ஈரமணல் போட்டு அதற்குள் மருந்துப் போத்தலைப் புதைத்து வைத்தாள். காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பாள். பானையைப் பார்க்கவென்றே அயலவர்கள் வந்துபோனார்கள். பிறகு அவர்களும் தங்கள் ஊசிகளோடு வரத் தொடங்கினார்கள். யாருக்கும் நோகாமல் போடுவாள். தங்கமுத்துவுக்கு அதில் பெரிய பெருமை.

அந்தப் பெருமைக்காரிதான் அவளிடம் பொய் சொன்னா.

கந்தசட்டி வந்தது. முருகனுக்கு ஆறு நாள் விரதம். "உங்கடை வருத்தத்துக்கு விரதம் கூடாது, நினைக்கவும் வேண்டாம்" என்று அருந்ததி முதலே கட்டளை போட்டிருந்தாள். தங்கமுத்துவும் ஓம் ஓம் என்றா. அருந்ததி ஊசி போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்குப் போடப் போவாள். திரும்பி வரும்போது அம்மாவின் சாப்பாட்டுக் கோப்பை வெறுமையாய் இருக்கும். அவளும் நம்பினாள். நாலாம் நாள் பத்து மணிக்குத் தங்கமுத்து கிணற்றுக் கட்டோடு சாய்ந்து கிடந்தா. உடம்பெல்லாம் வேர்வை, வாய் குழறியது. வடிவாகச் சாப்பிட்ட மனுசிக்குச் சீனி கூடித்தான் இப்படி ஆகிறது என்று அருந்ததி கணக்குப் போட்டாள். பக்கத்து வளவிலிருந்து, பெற்றோல் வராததால் மண்ணெண்ணெயில் ஓடுகிற கறுப்புக் கார் ஒன்றைத் தள்ளித் தள்ளி ஸ்ரார்ட் பண்ணி, ஏற்றிக்கொண்டு போவதற்குள் ஒரு மணித்தியாலம் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்த டொக்டர், சீனி இறங்கிப்போய்க் கிடக்கிறது, என்ன சாப்பிட்டவ என்று கேட்டார். பிட்டு என்றாள். அவர் அவளை ஒருமாதிரிப் பார்த்தார். அடுத்த நாள் விடியத் தங்கமுத்து போய்விட்டா.

சுடலைக்கு எடுக்கிற நேரத்தில்தான் கோயில் ஐயர் வாய் தவறிச் சொன்னார், அந்தரங்கமாய்ப் பால்பழத்தோடு விரதம் பிடித்த மனுசி, முருகனடி சேர்ந்துவிட்டது என்று. அதைக் கேட்டதும் அருந்ததிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெறுவயிற்றில் கிடந்த தாய்க்கு முழு அளவு மருந்தை ஏற்றியது அவள் கை. குசினிப் போத்தலில் பனங்கட்டி கிடந்தது. விழுங்க முடிந்த நேரத்தில் ஒரு துண்டை வாய்க்குள் வைத்திருந்தாலும் அம்மா பிழைத்திருப்பா. அளவுக் கோட்டை மூன்று தரம் பார்த்தவள், சாப்பிட்டியளோ என்று ஒருதரம் கேட்கவில்லை. எங்கள் ஊரில் தெருவால் போகிற ஆளைக்கூடக் கேட்கிற கேள்வி அது.

இதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. பானை மணல் காய்ந்துபோனது. ஊசியோடு வந்த அயலவர்களை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டாள்.

செம்புக்கு அடியில் இருந்த கடதாசியோ நகரவில்லை. பரமலிங்கம் தண்ணீர் குடிக்கச் செம்பை எடுப்பார், குடித்துவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைப்பார். மாசம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, "நாளைக்குக் குடுக்கவேணும் பிள்ளை" என்றார்.

அருந்ததி கடதாசியை உருவி எடுத்தாள். "இதை அடுப்புக்குள்ளை போடுங்கோ ஐயா. என்னை மிஸியாக்கி இன்னும் எத்தினை பேரைக் கொல்லப்போறியள்?"

"என்ன கதைக்கிறாய்?"

"நான்தான் அம்மாவைச் சாகடிச்சனான். அவ ஒண்டும் சாப்பிடாமல் இருந்தவ. நான் கேக்கேல்லை. கோப்பையைப் பாத்திட்டு ஊசியைப் போட்டனான்." மூன்று மாதம் அடக்கி வைத்திருந்தது உடைந்து, நின்ற இடத்திலேயே குந்தியிருந்து அழுதாள்.

 பரமலிங்கம் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"அவ சாப்பிடேல்லை எண்டு எனக்குத் தெரியும்."

அருந்ததி நிமிர்ந்தாள்.

"முப்பத்தாறு வரியமாய் விடாமல் பிடிச்ச விரதம், பிள்ளைக்குச் சொன்னால் என்னோடை கதைக்கமாட்டன் எண்டவ. கோப்பையிலை பிட்டுக் கிடந்தால் நீ கண்டுபிடிச்சிடுவாய் எண்டு என்ரை கோப்பையிலை தட்டிவிடுவா. நாலு நாளும் அவவின்ரை பங்கையும் நான்தான் திண்டனான். ருசியாய்க் கிடந்தது எண்டு திண்டனான் பிள்ளை."

வளையில் தொங்கிய நீத்துப்பெட்டியை அவள் பார்த்தாள். பிறகு ஐயாவைப் பார்த்தாள். அவளுக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. பொல்லாத கோபம்.

"அண்டைக்கு டொக்டர் கேக்கேக்கை நீங்களும் அங்கைதானே நிண்டனீங்கள்? பிட்டு எண்டு நான் சொல்லேக்கை ஏன் பேசாமல் நிண்டனீங்கள்?"

"பயம்" என்றார் அவர். "என்னட்டை ஆரும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். ஒருத்தரும் கேக்கேல்லை. நானாய்ச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. நீ மருந்தைப் பிழையாய்ப் போடேல்லை பிள்ளை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடதாசியை எடுத்துக்கொண்டு வந்தனான். அதுக்கும் வாய் வரேல்லை, செம்பை வைச்சுக்கொண்டு திரிஞ்சன்."

அன்று முழுக்க அவள் அவரோடு கதைக்கவில்லை. சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். ஆனால் படுத்துக் கிடந்தபோது, நெஞ்சுக்குள் மூன்று மாதமாய்க் கிடந்த கல்லை வேறொருவரும் ஒரு பக்கத்தில் தூக்கிப் பிடித்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. மனுசன் ஒரு வார்த்தை பேசாமல் கஞ்சியைக் குடித்துக்கொண்டு அதைத் தூக்கியிருக்கிறார். கோபம் போகவில்லை, ஆனாலும் அழுகை வந்தது, அந்த அழுகை நோகவில்லை. என்னட்டை ஆரும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன் என்று அவர் சொன்னது மட்டும் திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. கேட்கிற ஆளாக ஒருத்தி இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்தாள்.

விடிய எழும்பிப் படிவத்தை நிரப்பினாள். பெற்றார் ஒப்பமிடும் இடத்தில் பரமலிங்கம் தன் பெயரை முழுதாய் எழுதினார், நல்லகாலம் பேனை மை விடவில்லை. "காத்து இல்லை எண்டு பின் சில்லுக்கு இப்பதான் அடிச்சனான்" என்று சொல்லிச் சைக்கிளையும் அவரே இறக்கித் தந்தார்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் படிப்பு. மண்ணெண்ணெய் விளக்கில் படித்துக் கண் எரிந்தது, வெள்ளைச் சீருடை தோய்க்கச் சவர்க்காரம் கிடைக்காமல் அலைந்தது, முதல்முதல் ஊசியை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தது, எல்லாம் உண்டு. அந்தத் தயக்கம் போக ஆறு மாதம் எடுத்தது. நோயாளியிடம் சாப்பிட்டியளோ என்று கேட்காமல் அவள் ஊசியை எடுத்ததில்லை. கூடப் படித்தவர்கள் அவளுக்குச் 'சாப்பிட்டியளோ மிஸி' என்று பெயர் வைத்தார்கள். பழைய பட்டத்தைவிட இது பரவாயில்லை என்று அவளும் விட்டுவிட்டாள்.

தொண்ணூற்று நாலில், அவள் மூன்றாம் வருடத்தில் இருக்கும்போது, பெண்கள் வாட்டில் அச்சுவேலி இரத்தினம்மா படுத்திருந்தா. சலரோகம், காலில் ஆறாத புண். காலைச் சாப்பாட்டுக்கு இடியப்பத்தைப் புருசன் கதிரவேலு வீட்டிலிருந்து சைக்கிளில் கொண்டுவருவார். பதினொரு மைல் ஓடி வருகிற மனுசன், பாவம்.

அருந்ததி மருந்துத் தட்டோடு கட்டிலடிக்கு வந்தாள்.

"அம்மா, சாப்பிட்டியளோ?"

"ஓம் பிள்ளை, வடிவாய்ச் சாப்பிட்டனான். உதிலை பார், கோப்பை வெறுமை."

கோப்பை வெறுமைதான். இரத்தினம்மாவின் நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருந்தது. கந்தசட்டி தொடங்கி இரண்டாம் நாள். அருந்ததி கோப்பையைப் பார்க்கவில்லை. கட்டிலின் மற்றப் பக்கம் நின்ற கதிரவேலுவைப் பார்த்தாள். அவருடைய மீசையில் சம்பல் தேங்காய்ப்பூ ஒன்று ஒட்டியிருந்தது.

"ஐயா, நீங்கள் எத்தினை இடியப்பம் சாப்பிட்டனீங்கள்?"

"நானோ?" மனுசன் மனைவியைப் பார்த்தார். மனைவி கண்ணால் மிரட்டினா. அவர் அருந்ததியைப் பார்த்தார். அவள் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, அவசரம் ஒன்றும் இல்லை என்பதுபோல நின்றாள்.

"வீட்டிலை எட்டு" என்றார். "இங்கை வந்து பன்னிரண்டு. அது இவவின்ரை பங்கு பிள்ளை. நேற்றும் நான்தான் திண்டனான். ஆருக்குச் சொல்லுறது எண்டு தெரியாமல் திண்டுகொண்டிருக்கிறன்."

"பெண்டிலைக் காட்டிக்குடுக்கிற மனுசன்!" என்று இரத்தினம்மா பாய்ந்தா. "முருகன்ரை விரதம் பிள்ளை, இடையிலை விடலாமோ?"

"முருகனோடை பிறகு கதைப்பம் அம்மா. இப்ப இந்த ஊசியைப் போட்டால் மத்தியானம் நீங்கள் எழும்பமாட்டியள்."

 அருந்ததி பொறுப்பாக நின்ற சிஸ்டர் வினிபிரட்டிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். டொக்டர் வந்து மருந்தைக் குறைத்தார். பாலும் வாழைப்பழமும் வந்தன, மத்தியானம் சோறும் உண்டு என்று தீர்ப்பானது. இரத்தினம்மா கடைசி வாய் விழுங்கும் மட்டும் அருந்ததி பக்கத்தை விட்டு நகரவில்லை. மருந்து அறைக்குள் வந்த பிறகுதான் தட்டைக் கீழே வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, "அம்மா" என்றாள். சந்தோசமும் துக்கமும் ஒன்றாகத்தான் வந்தன.

சனிக்கிழமை லீவில் கோப்பாய்க்குப் போனாள். பரமலிங்கம் மிளகாய்க் கன்றுகளுக்குப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். வரம்பில் நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். இருபது இடியப்பத்தைச் சொல்லும்போது சிரிக்கப் போனாள், முடியவில்லை.

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். "அந்த மனுசன் உண்மையைச் சொன்னவரோ?"

"ஓம் ஐயா. கேட்டனான், சொன்னவர்."

"மனுசி?"

"இருக்கிறா. என்னோடை கோவம். ஆனால் இருக்கிறா."

அவர் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார். அவள் வாய்க்காலை மறித்துவிட்டுப் பின்னால் போனபோது, குசினிக்குள் மரவாங்கில் ஏறி நின்று வளையிலிருந்து நீத்துப்பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார். மூன்று வருடத் தூசியை வேட்டித் தலைப்பால் துடைத்தார்.

"மா கிடக்கோ?" என்றார்.

கிடந்தது. அவள் குழைத்து அவித்தாள். ஆவி எழும்பியபோது அவர் வாசலில் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் இரண்டு கோப்பையில் போட்டாள். அவர் தன்னுடையதைக் கையில் எடுத்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அவளுடைய கோப்பையைப் பார்த்தார்.

"விடியச் சாப்பிட்டனியோ பிள்ளை?"

"இல்லை ஐயா."

"அப்ப நீ முதல் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு, அவள் முதற்பிடியை மென்று விழுங்கும் மட்டும் கோப்பையோடு பார்த்துக்கொண்டு இருந்தார்.