முதலில் புலம்பல்

வாளித் தண்ணீரில் மணிக்கட்டை நனைத்துச் சூடு பார்த்தாள் தையல்காரி. நான்கு வருடப் பழக்கம் வாயை விடுமா? "சூடு போதுமா மாமி?" என்று கேட்டுவிட்டாள்.

பலகையில் கிடந்த மாமியார் உயிர் பிரிந்து மையித்தாகி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

குளிப்பாட்ட நின்ற நாத்தனாரும், மார்க்கம் சொல்லிக்கொடுக்கும் ஆலிமாவும், டீச்சரும் கைகளை அப்படியே நிறுத்தினார்கள். ஆலிமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அழுகையா சிரிப்பா, யார் கண்டது?

தையல்காரிக்கு இரண்டுமே வரவில்லை.

வியாழன்தோறும் மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் மாடியறையில் ஆலிமா ஒரு கூட்டம் நடத்துவார். படுத்த படுக்கையானவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு மட்டும். டீச்சரும் தன் வாப்பாவுக்காக அங்கே வருபவர்தான். கூட்டத்துக்கு ஒரே சட்டம்: முதலில் புலம்பல், பிறகுதான் துஆ. "மனசுல அடைச்சு வச்சுட்டுக் கையேந்தினா, கை மட்டும்தான் ஏந்தும்" என்பார் ஆலிமா. முதல் வாரம் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் வாரம் டீ குடிக்கக்கூட நேரமில்லை.

இன்றைக்குத் தையல்காரியின் முறை. முக்காட்டை மாமி மாதிரியே காதோரம் செருகி, ஒரு கண்ணைச் சுருக்கி, "இது கஞ்சியா, இல்ல சுவத்துக்கு அடிக்கக் கலக்கி வச்ச சுண்ணாம்பா?" என்று மாமியின் குரலிலேயே கேட்டாள். பதினோரு பெண்கள் பாயில் உருண்டார்கள். அப்போதுதான் போன் அடித்தது.

இவள் கேலி பண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே உயிர் போயிருக்கிறது. யாரிடம் போய்ப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது? கேட்க வேண்டியவள் பலகையில் கிடக்கிறாள்.

கால்விரல் இடுக்கைக் கழுவிக்கொண்டே நாத்தனாரிடம் சொல்லிவிட்டாள்.

"ஏம்மா, உங்கம்மா போற நேரத்துல நான் அங்க அவங்கள மாதிரி பேசிக்காட்டிட்டு இருந்தேன்."

நாத்தனார் குவளையைக் கீழே வைத்தாள். "எதப் பேசுனீங்க?"

"கஞ்சி."

"சுண்ணாம்பா?"

"ம்."

"நல்லா வந்துச்சா?"

தையல்காரி அடுத்த விரலுக்குப் போனாள். "எல்லாரும் சிரிச்சாங்க."

"அப்ப கேளுங்க மதினி. நீங்க போன நேரம் பூரா அம்மா உங்கள மாதிரி பேசிக்காட்டிட்டு இருந்துச்சு. 'வாயத் தொறங்க மாமி, கொஞ்சம் திரும்புங்க மாமி, இதோ முடிஞ்சுச்சு மாமி.' நீங்க ஊசியக் கடிச்சுக்கிட்டுப் பேசுவீங்கல்ல, அதே மாதிரி பல்லு தெரியாம. எனக்கு வயித்து வலியே வந்துடுச்சு. 'இருடி, அவ கோவப்படறத இன்னும் நீ பாக்கலையே'ன்னு மூச்ச இழுத்துச்சு."

நாத்தனார் குவளையை மறுபடி எடுத்தாள்.

"இழுத்ததுதான்."

டீச்சர்தான் முதலில் வாயைப் பொத்தினார். அடுத்தது தையல்காரி. பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். "மெதுவாம்மா, வெளிய ஆம்பளைங்க இருக்காங்க" என்று அடக்க வந்த ஆலிமாவுக்கே பாதியில் குரல் உடைந்துவிட்டது.

கற்பூரத் தண்ணீரும் ஊற்றியாயிற்று. இனி தலைமுடியை மூன்று சடையாகப் பின்ன வேண்டும். தையல்காரி தலைமாட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். இரண்டு சடை மளமளவென்று முடிந்தது. மூன்றாவது கொஞ்சம் கோணிக்கொண்டது. அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னினாள். நேராகத்தான் வந்தது.

மையித்தைத் தூக்கிப்போகும் சந்தூக்கு வந்துவிட்டதென்று வாசலிலிருந்து குரல் கேட்டது.

அவள் அந்தச் சடையை இன்னொரு தரம் அவிழ்த்தாள்.