பதினொரு மணிக் கசிவு

தூங்கி எழுந்த குருமூர்த்தி மூக்கிலிருந்த மாஸ்க்கைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகக் கண்ணாடி முன்னால் போய் நின்றான். பிற்பகல் மணி இரண்டு. வாயை மூடி ஒட்டியிருந்த பேப்பர் டேப் வைத்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் காலையில் படுக்கும்முன் டேப்பிலிருந்து கன்னம் வரைக்கும் பேனாவால் அவன் இழுத்துவைத்த நீலக் கோடு ஒன்றாக இல்லை. கன்னத்துக் கோடு மேலே நின்றது. டேப்பில் இருந்தது அரை விரல் கீழே இறங்கியிருந்தது.

ஆக, யாரோ டேப்பை உரித்திருக்கிறார்கள். உரித்து, மறுபடி ஒட்டியும் வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் இருப்பது அவனும் மனைவி பூங்குழலியும்தான். மகள் திருச்சியில் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டல் வாசம். பகலில் வந்து போகிற ஆள் ஒருத்தன் உண்டு. மைத்துனன் முத்தமிழ்.

அவன் வருகிற நேரம் பதினொரு மணி.

குருமூர்த்தி அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றில் பதினேழு வருடமாக டிப்பர் ஓட்டுகிறவன். சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றி ஆலையில் கொட்ட வேண்டும். போன மாதம் ஒரு விடியற்காலையில், லோடோடு மேடேறும்போது அவனுக்குக் கண் சொருகிவிட்டது. விழித்துப் பார்த்தபோது முன்சக்கரம் ஒன்று பள்ளத்தின் விளிம்பில், மண்ணைத் தொடாமல் நின்றுகொண்டிருந்தது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் ஒயரை மாட்டித் தூங்கச் சொன்னார்கள். தூக்கத்தில் மணிக்கு நாற்பது தடவை மூச்சு நிற்கிறது என்று தெரிந்தது. மூக்கு வழியாகக் காற்றை அழுத்தி ஊதுகிற சீபேப் மெஷினைக் கையில் கொடுத்தார்கள்.

ஆலை நிர்வாகம் ஒரு மாதம் கெடு வைத்தது. மாதக் கடைசிக்குள் தொடர்ந்து ஏழு நாள் மெஷின் கணக்கு சுத்தமாக இருந்தால் டாக்டர் கடிதம் தருவார், குருமூர்த்தி மறுபடி ஸ்டீரிங் பிடிக்கலாம். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் கேட்டில் டோக்கன் கிழிக்கிற வேலைதான். அதுவரைக்கும் அவனுக்கு இரவு கேட் டியூட்டி, பகலில் தூக்கம். அவன் வண்டியை இப்போது பதிலி டிரைவராக ஓட்டுவது யார் என்றால், அதே முத்தமிழ்தான். குருமூர்த்திக்குக் கடிதம் கிடைக்காவிட்டால் முத்தமிழுக்கு அந்த வண்டி நிரந்தரம்.

சந்தேகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து டெக்னீசியன் சகாய பிரியா போன் செய்திருந்தாள். மெஷினுக்குள் இருக்கிற சிம் அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

"சார், இருபது நாளாப் பாத்துட்டேன். எட்டு மணிக்குப் படுக்குறீங்க. பதினொன்னு வரைக்கும் ஒரு குறையும் இல்ல. அதுக்கு மேல வாய் தொறந்துக்குது. மூக்குல போற காத்து வாய் வழியா வெளிய வந்துடுது. மெஷின் ஓடியும் பிரயோசனமில்ல, மூச்சு பழையபடி நிக்குது."

"நீங்க சொன்ன மாதிரி டேப் ஒட்டிக்கிட்டுத்தானம்மா படுக்குறேன்?"

"மூக்கடைப்பு இல்லைன்னு டாக்டர் பாத்துத்தான் டேப்பே குடுத்தோம். அது ஒட்டலை போல. மீசை இருக்கா சார்?"

"இருக்கு."

"எடுத்துடலாமே?"

"அதுக்கு வேற ஆளப் பாருங்க."

போனை வைத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அதென்ன தினமும் கடிகாரம் பார்த்தது போலப் பதினொரு மணி? டேப்புக்கு மணி பார்க்கத் தெரியுமா?

முத்தமிழுக்குத் தெரியும். இரண்டாவது லோடு கொட்டிவிட்டு, வண்டியை ரோட்டோரம் நிறுத்தி, அக்கா கையால் சாப்பாட்டுக் கேரியர் வாங்கிப் போக அவன் வருவது அந்த நேரம்தான். முதல் நாள் டேப்போடு இவனைப் பார்த்துவிட்டு அவன் சிரித்த சிரிப்பு வேறு இப்போது நினைவுக்கு வந்தது.

"என்னா மாமா, வாய்க்கு சீல் வச்சிட்டாங்க? அக்காவுக்கு இப்பத்தான் சொதந்திரமே வந்திருக்கு."

அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது.

மறுநாள் காலை குருமூர்த்தி டேப்பை நம்பவில்லை. பீரோவில் இருந்த பழைய வெள்ளை வேட்டியில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்தான். தாடைக்கு அடியில் கொடுத்து, இரண்டு காது ஓரமாகவும் மேலே கொண்டுபோய், உச்சந்தலையில் இறுக்கி முடிந்தான். தார்ப்பாய்க் கயிற்றுக்கு லாரிக்காரர்கள் போடுகிற முடிச்சு அது. ஒரு முனையை இழுத்தால் சர்ரென்று அவிழும். ஆனால் திரும்பப் போட, போட்டுப் பழகிய கை வேண்டும்.

தன் காப்பி டம்ளரோடு வந்த பூங்குழலி அவனைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"என்னங்க இது கோலம்?"

அவன் கட்டிய வாயைத் தொட்டுக் காட்டினான். அவள் முகம் ஏன் வெளுத்தது என்று யோசித்தான். தம்பிக்காகப் பயப்படுகிறாளோ? அக்காளும் தம்பியும் சேர்ந்தேவா? அந்த நினைப்பு முள் மாதிரி ஏறியது. அதோடுதான் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தான்.

இரண்டு மணிக்கு விழித்ததும் கை உச்சந்தலைக்குப் போனது. கட்டு இருந்தது, தொளதொளவென்று. முடிச்சு இருந்தது, ஆனால் அவனுடையது அல்ல. பொடிசாக, இரட்டை முடிச்சு; முனைகள் இரண்டும் உள்ளே செருகப்பட்டிருந்தன.

முத்தமிழும் லாரிக்காரன்தானே, அவனென்றால் அதே முடிச்சைப் போட்டிருப்பானே என்று புத்தி ஒரு பக்கம் சொன்னது. கெட்டிக்காரன் தடத்தை மாற்றிப் போடுவான் என்று சந்தேகம் இன்னொரு பக்கம் சொன்னது. குருமூர்த்தி சந்தேகத்தின் பேச்சைக் கேட்டான். கெடுவுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.

அடுத்த நாள் தூங்குவதில்லை என்று முடிவு செய்தான். ராத்திரி கேட்டில் நாலு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு வந்து, முந்தின நாள் போலக் கட்டைக் கட்டி, மாஸ்க்கை மாட்டி, மெஷினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். ஒன்பது. பத்து. சமையலறையில் குக்கர் நாலு தடவை கத்தி அடங்கியது.

பத்து ஐம்பதுக்கு ரோட்டில் ஏர் பிரேக் சீறியது. வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். காலடிகள் கூடத்தைத் தாண்டி, அறை வாசலில் நின்றன. பிறகு உள்ளேயே வந்தன. சுண்ணாம்புக்கல் தூசி வாடை முகத்துக்கு நேராகக் கவிந்தது.

போர்வைக்குள் குருமூர்த்தியின் கை முஷ்டியானது. தொடட்டும். தொட்டதும் மணிக்கட்டைப் பிடித்துவிட வேண்டும்.

முத்தமிழ் குனிந்தான். ரொம்ப நேரம் குனிந்தே நின்றான்.

"அக்கா," என்று கிசுகிசுத்தான். "மாமா மூச்சு உடுறாரா இல்லியா? ஒரு சத்தத்தையும் காணோம்."

"நீ கெளம்புடா," என்றது பூங்குழலியின் குரல், பக்கத்திலிருந்தே. "கேரியர எடுத்துக்க. ரசம் தனியா இருக்கு, சாய்ச்சிப்புடாத."

"வாய வேற கட்டி, பாக்கவே ஒரு மாதிரியா இருக்குக்கா."

"போடாங்கிறேன்ல."

காலடிகள் வெளியே போயின. வண்டி கிளம்பி, சத்தம் தேய்ந்து மறைந்தது. அவ்வளவுதானா? அவன் தொடவே இல்லையே. குருமூர்த்திக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அப்போது கட்டில் ஓரம் அமுங்கியது. மஞ்சளும் மல்லியும் கலந்த வாசனை. உச்சந்தலையில் விரல்கள். ஒரு முனையை இழுக்க, முடிச்சு சர்ரென்று அவிழ்ந்தது. துணி தளர்ந்தது. தாடை தானாக இறங்கியது. மாஸ்க்கின் காற்று தொண்டைக்குள் சுழன்று, வாய் வழியாகப் புஸ்ஸென்று வெளியேறியது.

பூங்குழலி உள்ளங்கையை அவன் வாய்க்கு நேரே பிடித்தாள். அந்தக் காற்று அவள் கையில் பட்டது. "ம்," என்றாள், தனக்குத்தானே. அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு துணியைப் பழையபடி மேலே கொண்டுபோய்ப் பூச்சரத்தின் முனைக்குப் போடுகிற இரட்டை முடிச்சைப் போட ஆரம்பித்தாள்.

குருமூர்த்தி அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

அவள் அலறவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவன் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தான்.

"இருவது நாளா நீதானா? எனக்குக் கடிதம் கெடைக்கக் கூடாதுன்னு ஒந் தம்பி சொல்லிக்குடுத்தானா?"

"அவனுக்கு ஒன்னுந் தெரியாதுங்க."

"அப்பறம் ஏண்டி?"

"பத்தொம்பது வருசமா ஒங்க கொறட்டையக் கேட்டுக்கிட்டேதான் வூட்டு வேல பாத்திருக்கேன். அது கேட்டா நீங்க இருக்கீங்க. இந்த மெஷின் வந்ததுலேருந்து வூடே கம்முனு கெடக்கு. வேலய முடிச்சிட்டு வந்து பாத்தா, வாயில டேப்ப ஒட்டிக்கிட்டு, அசையாமக் கெடக்குறீங்க. மெஷின் சத்தத்துல ஒங்க மூச்சு எது, அது மூச்சு எதுன்னு தெரியல. டேப்பத் தொறந்தா காத்து வருது. அப்பறம்தான் எனக்கு சோறு எறங்குது."

"என்னை எழுப்பிக் கேக்கறதுதான?"

"ராவெல்லாம் முழிச்சிட்டு வந்தவர எப்படி எழுப்புறது?" அவள் துணியைத் தொட்டுக் காட்டினாள். "அதுகூடப் பரவாயில்ல. நேத்து வெள்ளத் துணிய எடுத்துத் தாடையில கட்டி உச்சில முடிஞ்சீங்களே, அத எங்க பாத்தீங்க? தை மாசம் ஒங்கப்பா போனப்ப, வாய் தொறந்துக்கக் கூடாதுன்னு அவருக்கு நாந்தான் கட்டினேன். அதே மாதிரி. அதே வேட்டித் துணில."

குருமூர்த்தி மடியில் கிடந்த துணியைப் பார்த்தான். ஓரத்தில் பச்சைக் கரை. அப்பாவுடைய வேட்டி. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. இவன் தன் கையால் தன்னைக் கிடத்தித் தாடை கட்டிக்கொண்டு படுத்திருக்கிறான். இவள் தினம் வந்து உயிரோடு இருக்கிறானா என்று பார்த்திருக்கிறாள்.

ஆனால் சந்தேகம் என்கிற சாமான் வீட்டுக்குள் வந்துவிட்டால் லேசில் வெளியே போகாது.

"நெசமாச் சொல்லு. அவ்வளவுதானா?"

பூங்குழலி ஜன்னலைப் பார்த்தாள். "ஒரு நாளு மட்டும் நெனச்சேன். கடிதம் கெடைக்காட்டிப் போவுது, கேட்டுல டோக்கன் கிழிச்சா என்ன, ஆளு முழுசா இருந்தாப் போதும்னு. ஒரு நாளுதான். பொய் சொல்ல வரல எனக்கு."

அன்றைக்கே இருவரும் பெரம்பலூர் பஸ் ஏறினார்கள். சகாய பிரியா முழுக்கதையையும் கேட்டாள், சிரிக்கவில்லை. "ஒரு தடவ உரிச்ச டேப் மறுபடி சரியாப் பிடிக்காதுக்கா," என்றாள். துணியைப் பற்றிக் கேட்டபோது மட்டும் முறைத்தாள்.

"யாரக் கேட்டு சார் நீங்களா கட்டுனீங்க? வாந்தி கீந்தி வந்திருந்தா? டேப்பாவது எழுந்திரிச்சா பிச்சுக்கலாம்." உள்ளே போய் டாக்டரிடம் பேசிவிட்டு வேறொரு மாஸ்க்கோடு வந்தாள். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க். "இதுல வாய் தொறந்தாலும் காத்து எங்கயும் போவாது. மீசையும் தப்பிச்சுது." பூங்குழலியின் பக்கம் திரும்பி, மாஸ்க்கின் முன்பக்கத்தைத் தட்டிக் காட்டினாள். கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக். "அக்கா, இங்க பாருங்க. மூச்சு உட்டா லேசா பனி படியும், இழுத்தா மறையும். நீங்க எதையும் தொட வேணாம். நின்னு பாத்தாப் போதும்."

பூங்குழலி அந்த மாஸ்க்கை வாங்கித் தன் வாயருகே வைத்து ஊதிப் பார்த்தாள். பனி படிந்தது. மறைந்தது. இன்னொரு தடவை ஊதினாள்.

கெடு முடிய ஏழு நாள்தான் பாக்கி. ஒரு நாள் தவறினாலும் போச்சு.

அந்த ஏழு நாளும் குருமூர்த்தி படுக்கும்முன் மாஸ்க்கிலிருந்து கன்னம் வரை நீலக் கோடு இழுத்தான். பூங்குழலி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஏன் என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அந்த ஒரு நாள் நினைப்பு இரண்டாவது நாளாக ஆகாது என்று யார் கண்டது? சகாய பிரியாவிடமிருந்து தினமும் மாலையில் 'சுத்தம்' என்று ஒரே சொல்லில் செய்தி வந்தது. ஒன்று, இரண்டு, ஆறு.

ஏழாவது நாள் இரண்டு மணிக்குக் கண் விழித்தான். மாஸ்க்கைக் கழற்றாமல் கண்ணாடி முன் போய் நின்றான். கன்னத்திலிருந்து புறப்பட்ட நீலக் கோடு நேராக மாஸ்க்கில் ஏறியிருந்தது, மயிரிழை பிசகாமல்.

கோட்டுக்குப் பக்கத்தில், பனி படிகிற இடத்துக்கு வெளியே, மஞ்சள் பூசிய விரல் ரேகை ஒன்று தெளிவாகப் பதிந்திருந்தது. தொட்டிருக்கிறாள். தொட்டதோடு நிறுத்தியும் இருக்கிறாள்.

சகாய பிரியாவின் செய்தி வரும்வரைகூட அவன் காத்திருக்கவில்லை. கன்னத்துக் கோட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பேனாவைக் கொண்டுபோய் மகளின் மேஜை டிராயரில் போட்டான்.

"பூங்குழலி, நாளைக்குக் காலையில பெரம்பலூர் போவணும். கடிதம் வாங்க."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"வாங்கிட்டு வாங்க," என்றாள். "ஆனா மெஷின வண்டியிலயும் ஒன்னு மாட்டச் சொல்லுங்க."

"வண்டி ஓட்டையில அது எதுக்குடி?"

"நீங்க தூங்க மாட்டீங்கன்னு எனக்கு என்னா அத்தாட்சி?"