எடை கேட்காத மருந்துச் சீட்டு

"என்னைத் தூக்கிக்கூடப் பாக்காம எவ்வளவு மருந்துன்னு எப்படிக்கா தெரியும்?" என்று பல்வலியோடு வந்த சிறுமி ஒருநாள் கேட்டாள். பல் மருத்துவ மாணவிக்கு முகம் வெளுத்தது. 'மூன்று வேளை, உணவுக்குப் பின்' என்பதை லத்தீன் சுருக்கத்தில் அழகாக எழுதியவள், குழந்தையின் எடையைப் பார்க்காமல் பெரியவர்களுக்கான அளவையே எழுதியிருந்தாள்.

பக்கத்தில் இன்னொருவருக்குப் பல் பார்த்துக்கொண்டிருந்த தோழி எட்டிப் பார்த்தாள். "இது யானைக்குட்டிக்கா டாக்டரம்மா?" என்று சிரித்தபடியே எடைக்கருவியைக் காலால் இவள் பக்கம் நகர்த்திவிட்டாள். பேராசிரியர் வருவதற்குள் புதுச் சீட்டு தயாரானது. தோழி அவரிடம் மூச்சுவிடவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளை 'எடைக்கல்' என்றுதான் கூப்பிட்டாள்.

தோழியின் செய்முறைத் தேர்வன்று எடைக்கல் சீக்கிரமே வந்தாள். ஆளில்லாத அறையில், யாரும் ஏறாமலேயே எடைக்கருவியின் முள் இரண்டு கிலோ காட்டியது. அதை நம்பிக் கணக்குப் போட்டால் தேர்வில் தோழி பார்க்கப்போகும் குழந்தைக்கு மருந்து கூடிவிடும், தோழிக்கு மதிப்பெண் போய்விடும். கருவியின் திருகாணியைத் திருப்பி முள்ளைச் சுழியத்தில் நிறுத்தினாள். கண்மூடி ஒரு நொடி வேண்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் தோழி நின்றாள். "என்னடி எடைக்கல், எனக்குத்தானே பரீட்சை? நீ ஏன் முந்திக்கிட்டு வந்திருக்க?"

"உன் கையெழுத்தப் பாத்து எந்தக் குழந்தையும் அழக்கூடாதுன்னு சாமி கும்பிட வந்தேன்டி."