சட்டை போட்டு வந்த சாமி

உதடுகள் அசைகின்றன, வாய்க்குள் போயிருக்கும் குழாயைச் சுற்றி, அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பதுபோல், நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று படிக்கப் பார்க்கிறேன், ம என்கிறாளா, ப என்கிறாளா, என் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்குகிறது, துடைக்கிறேன், இது அன்று நடந்ததா நேற்றுக் கனவில் வந்ததா என்று இப்போது பிரிக்க முடிவதில்லை, கனவில் சில சமயம் கண்ணாடிக்கு அப்பால் கட்டில் இல்லை, கடல் இருக்கிறது, அம்மா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பேசுகிறாள், சத்தம் மட்டும் வருவதில்லை.

சத்தம் இருந்தது, குழாய் போடும்வரை இருந்தது, ஆக்சிஜன் மாஸ்க்கை விரலால் தூக்கிவிட்டு, ஏட்டி, சாமியக் கூட்டிட்டு வா, பாவசங்கீர்த்தனம் பண்ணணும் என்றாள், அப்படி என்னம்மா பெரிய பாவம், அப்பா கொழம்புல உப்ப அள்ளிப் போட்டதா என்றேன், சிரிக்கவில்லை, ஒங்கிட்ட சொல்றதுன்னா எப்பவோ சொல்லிருப்பனே, சாமிட்ட சொல்லணும், வாயால சொல்லணும், சொல்லாமப் போனா எனக்குக் கரையே கெடையாது என்றாள், வெளியே வந்து ரெமிஜியுஸ் அண்ணனிடம் சொன்னபோது அவன் முகம் வெளுத்துவிட்டது, எங்கள் தூத்துக்குடித் தெருவில் சாமியார் எண்ணெய்ச் செப்போடு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் எதிர்வீட்டில் சவப்பெட்டி பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள், அவஸ்தை கொடுத்தாயிற்று, நெற்றியில் அந்த எண்ணெயைப் பூசியாயிற்று என்றால் ஆள் முடிந்தது என்று அர்த்தம், பூசிய பிறகு எழுந்து நடந்தவர்களும் உண்டு, அவர்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, அங்கியப் பாத்தாலே அம்மா மனச விட்டுருவா பிள்ள, தேறி வாரவள நாமளே அனுப்பி வைக்கணுமா என்றான், அவனைத் திட்டவும் முடியவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் செக்யூரிட்டி, டாக்டரத் தவிர சொந்தக்காரங்க ஒராள்தான் என்றார், அவர் தலைக்கு மேலேயே நோயாளியின் உரிமைகள் என்று ஒரு பலகை, தங்கள் சமய நம்பிக்கைக்கேற்ற ஆறுதலைப் பெறலாம் என்று அதில் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டினேன், அண்ணாந்து பார்த்தார், நான் வேலைக்கிச் சேந்ததுல இருந்து அத நீங்கதான்க்கா மொதல்ல படிக்கிய, அதுக்காக ரெண்டு பாஸா தருவாக, ஒங்க பாஸ சாமியாருட்டக் குடுத்துட்டு நீங்க வெளிய நில்லுங்க என்றார், கொடுத்துவிடுகிறேன் என்றேன், அம்மாவின் அருகில் இருக்கக் கிடைக்கிற கொஞ்ச நேரம், அதையும் கொடுத்துவிடுகிறேன்.

கடைசியில் அண்ணன் இறங்கி வந்தான், வரட்டும், ஆனா சட்ட போட்டு வரட்டும், சொந்தக்காரப் பையன் மாதிரி, பாத்ததும் பயப்பட மாட்டா பாரு, எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது, பழைய பங்குச்சாமி மாற்றலாகிப் போயிருந்தார், அம்மா இன்னும் பார்த்திராத புதியவர், ஃபாதர் கிளிட்டஸ், நீலக் கட்டம் போட்ட சட்டையில் வந்தார், செப்பு சட்டைப்பையில் இருந்தது, அம்மாவின் மூக்குக்கண்ணாடி என் கைப்பையில் இருந்தது, உள்ளே போனவர் குனிவதைப் பார்த்தேன், அவள் கையை இழுத்துக்கொள்வதைப் பார்த்தேன், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள், வெளியே வந்தவருக்கு வியர்த்திருந்தது, நான் சாமிதாம்மான்னு சொன்னேன், அதுக்கு அவங்க, எம் மவன் அனுப்பினானா, எனக்குப் பூச்சி காட்ட சட்டக்காரன சாமின்னு அனுப்புறானா, போய்ச் சொல்லு, செசிலியாவுக்குக் கண்ணுதான் மங்கல், புத்தி மங்கிப்போகலன்னு, அப்படின்னுட்டாங்க, அதுக்குமேல வாயத் தொறக்கலம்மா என்றார், அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான், அங்கியோடு உடனே திரும்பி வருகிறேன் என்றார் சாமி, நேரம் முடிஞ்சிட்டு, இனி காலையிலதான் என்றார் செக்யூரிட்டி.

காலைக்குள் மூச்சு முட்டிக் குழாய் போட்டிருந்தார்கள்.

வெள்ளை அங்கி, தோளில் ஊதாப் பட்டை, அவ்வளவு தூரத்திலிருந்தும் அந்த வெண்மை அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், மருந்து மயக்கத்தை மீறிக் கண்ணைத் திறந்தாள், பயப்படவில்லை, பயத்தின் சாயலே இல்லை, கண்ணோரம் வழிய வழிய அவரையே பார்த்தாள், மனசால நெனச்சாலே போதும்மா, ஆண்டவருக்குக் கேக்கும் என்று அவர் சொல்லியிருப்பார், அவளுக்குப் போதவில்லை, வாயால் சொல்ல வேண்டும், உதடுகள் அசைகின்றன, குழாயைச் சுற்றி, ம என்கிறாளா, ப என்கிறாளா, அண்ணன் என்னை இடித்துக்கொண்டு கண்ணாடியில் நெற்றியை வைக்கிறான், என்ன சொல்றா, யார் பேரையோ சொல்றா பாரு, ஒனக்குத் தெரியுதா பிள்ள, தெரிவதுபோல்தான் இருந்தது, இன்னும் ஒருமுறை அதே அசைவு வந்தால் படித்துவிடுவேன், அப்போதுதான் உறைத்தது, இது எங்களுக்கில்லை, ஒங்கிட்ட சொல்றதுன்னா எப்பவோ சொல்லிருப்பனே, நான் திரும்பினேன், கண்ணாடியில் முதுகைச் சாய்த்து முந்தானையை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டேன், தள்ளு, எங்கம்மாவ நான் பாக்கண்டாமா என்றான், தள்ளவில்லை, இப்போதும் கனவில் தள்ளுவதில்லை, முதுகில் கண்ணாடி சில்லென்றிருக்கிறது, அதற்கு அப்பால் சாமி காதை வாயருகே வைத்துக் குனிந்திருப்பார், அவருக்கு மெஷின் மூச்சுவிடுவதைத் தவிர வேறொன்றும் கேட்டிருக்காது, அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள், சொல்லி முடிக்கட்டும்.