பின்பக்கம் வரையாத நகரம்

கோட்டைச் சுவரிலிருந்து முதல் கல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு வந்து, எடிட்டரின் முன்பற்கள் இரண்டைப் பெயர்த்துக்கொண்டு போனது. அந்தக் கோட்டை கணினித் திரையில் இருந்தது. அனிமேஷன் படம் ஒன்றுக்காக, பன்னிரண்டு திரை அகலத்துக்கு, மலையும் வானமும் நகரமும் அதன் ஜனங்களுமாக அதை வரைந்தவளை ஸ்டூடியோவில் பின்னணிக்காரி என்பார்கள். முன்னால் ஓடிக் குதிக்கிற உருவங்களை வேறு ஆட்கள் செய்வார்கள். தூரத்தில் தெரிவதெல்லாம் அவள் கையால் வரைந்த தட்டையான ஓவியம். கேமரா பார்க்கிற பக்கத்தை மட்டும் வரைவதுதான் அந்தத் தொழில். முதுகை எவன் பார்க்கப்போகிறான்?

புதன்கிழமை அம்புகள் வந்தன. வரவேற்பறைப் பெண்ணுக்குத் தோளில் ஒன்று தைத்தது. மேலாளர் ஆளுக்கொரு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கச் சொன்னார். படத்தின் கடைசியில் அந்த நகரம் எரிய வேண்டும். யார் போய்ச் சொன்னார்களோ, விஷயம் நகரத்து ஜனங்களின் காதுக்கு எட்டிவிட்டது. உயிரோடு கொளுத்தப்போகிறார்கள் என்று தெரிந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

படத்துக்குத் தீயும் புகையும் செய்கிறவன் பின்னணிக்காரியின் தம்பி. வியாழக்கிழமை மதியம் திரைக்குள்ளிருந்து நாலைந்து கைகள் நீண்டு, அவன் தலைமயிரைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டன. ஒற்றைச் செருப்பு மட்டும் மேசைக்கடியில் கிடந்தது. அக்காக்காரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சுவர்மேல் கட்டிவைத்து முறைபோட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை உதடு கிழிந்திருந்தது. சனிக்கிழமை இடது கை தொங்கியது. பாவிகள், அவள் ஆசையாக வரைந்த கொடிக்கம்பங்களைப் பிடுங்கியே அடித்தார்கள்.

“எல்லாத்தையும் அழிச்சிட்டு வேற வரைஞ்சு குடுத்துடும்மா,” என்றார் இயக்குநர்.

“அழிச்சா அவனும் போயிடுவான் சார். அவங்களோட ஒரே லேயர்ல மாட்டிக்கிட்டிருக்கான்.”

“வர்ற வெள்ளிக்கிழமை ஊரு எரிஞ்சாகணும். மத்தது எனக்குத் தெரியாது.”

“உன் தம்பியா இருந்தா இப்படிப் பேசுவியாடா?” என்று கத்தியபடி, வரைபலகையைத் தூக்கி அவர் காதோடு சேர்த்து ஓங்கி அடித்தாள். காது பாதி கிழிந்தது. ஒருவரும் தடுக்கவில்லை, ஆளாளுக்கு அந்த ஆசை இருந்தது.

பிறகு அவள் வேலைக்கு உட்கார்ந்தாள். கேமரா எட்டாத இடது ஓரத்தில் ஓவியத்தை நீட்டி, சுவரில் ஒரு வாசலும் அங்கிருந்து திரையின் விளிம்புவரை ஒரு பாதையும் ஐந்து நாளில் வரைந்து முடித்தாள். கடைசிக் கோடு விழுந்ததும் நகரமே முண்டியடித்தது. மிதிபட்டு ஒன்பது பேர் வாசலிலேயே செத்தார்கள். மிச்சம் பேர் திரையைத் தாண்டி, நாற்காலிகளை நொறுக்கிக்கொண்டு, படியிறங்கித் தெருவுக்குப் போனார்கள். ஒருவருக்கும் பின்பக்கம் இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் கட்டை அவிழ்த்துவிட்டிருக்க வேண்டும்; எல்லோருக்கும் பின்னால் தம்பி தவழ்ந்து வந்தான். ஏழு நாள் அவர்களோடு இருந்ததில் அவனும் அப்படியே ஆகியிருந்தான்.

காலி நகரத்தை வெள்ளிக்கிழமை அவளே கொளுத்தினாள். இயக்குநர் காதுக்கட்டோடு வந்து பார்த்துவிட்டு, ஜனங்கள் அலறி ஓடுகிற ஷாட் கிடைக்கவில்லையே என்று வருத்தப்பட்டார்.

அந்த ஜனங்கள் இப்போது ஊரில்தான் இருக்கிறார்கள். பேருந்தில் பாதி இடம் போதும் என்பதால் நடத்துநர்களுக்கு அவர்கள்மேல் தனிப் பிரியம். தம்பிக்கு உதடு ஆறியது, கை கூடியது. முதுகில் வாங்கிய அடிதான் இன்னும் ஆறவில்லை. பின்னால் போய்ப் பார்த்தால் முதுகும் இல்லை, அவனும் இல்லை. எதிர்ச்சுவர் நாட்காட்டிதான் தெரிகிறது. ஆனாலும் வலி உயிர் போகிறது என்கிறான். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அக்கா உள்ளங்கையில் தைலத்தை ஊற்றிக்கொண்டு, அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து வெறும் காற்றில் தேய்த்துவிடுகிறாள்.

“இன்னும் கொஞ்சம் கீழக்கா,” என்கிறான்.

அவள் கையைக் கொஞ்சம் கீழே இறக்குகிறாள்.