இன்டர்வியூவுக்கு முந்தின சனி

விமலநாதன் சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டே, "நாளைக்குச் சீனப் பிள்ளையள் வருவினம். கடலை ஊறப்போடும்" என்றார்.

"இங்கிலிஷ் படிக்க வருகினமோ, கடலை தின்ன வருகினமோ?" என்றாள் இந்திராதேவி.

"ரெண்டுக்கும்தான்."

அன்று மத்தியானம், டோர்வலில் விமானச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில், மாரடைப்பில் போய்விட்டார்.

அதே சமையற்கூடத்தில் வேலை செய்த லின்னும் சூவும் சனிக்கிழமைகளில் அவருடைய செயின்ட்-மிஷேல் வீட்டுக்கு வந்து ஆங்கிலம் படித்தார்கள். காலத்துக்கேற்ப வினையை மாற்றும் பழக்கம் அவர்கள் பேசும் சீனத்தில் இல்லை. நேற்று, இப்போது என்று ஒரு சொல்லைப் போட்டால் போதும். அதனால் லின்னின் ஆங்கிலத்தில் எங்கு பார்த்தாலும் 'ஆல்ரெடி'. இப்போது மேற்பார்வை வேலைக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். இன்னும் பத்து நாளில், ஒரு திங்கட்கிழமை இன்டர்வியூ. கிடைத்தால் இரவு வேலை போய்ப் பகல் வேலை. பின்னேரம் மகளைத் தானே கார்டெரி என்ற பிள்ளைகள் காப்பகத்திலிருந்து கூட்டி வரலாம்.

சவ அடக்கம் முடிந்த அன்று இருவரும் ஒரு பை தோடம்பழத்தோடு வந்தார்கள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பினார்கள். லின் வாசலில் நின்று, எல்லாரையும் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள்:

"வீ வில் கம் அகெய்ன் சூன்."

செத்த வீட்டிலிருந்து பேசாமல் எழும்பிப் போவதுதான் வழக்கம். திரும்பி வருவதாக ஒருவரும் சொல்வதில்லை.

"இதுகளுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லையோ?" என்றார் இந்திராதேவியின் அண்ணன் குணரத்தினம்.

"விமலண்ணைதானே படிப்பிச்சவர்" என்றாள் பாலாம்பிகை மச்சாள். யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

லின் ஒரு பிழையுமில்லாமல் பேசி இந்திராதேவி கேட்டது அதுதான் முதல் தடவை. எழும்பி வாசலுக்குப் போய், "சனிக்கிழமை வாங்கோ" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"துடக்கு வீட்டிலை வகுப்போ?" என்றார் குணரத்தினம். சாவுத் தீட்டு இன்னும் கழியவில்லை.

"அவளுக்குத் திங்கள் இன்டர்வியூ, அண்ணை. எங்கடை துடக்குக் கழியுமட்டும் வேலை குடுக்கிறவங்கள் பாத்துக்கொண்டிருப்பாங்களோ?"

கொழும்பில் வங்கியில் ஆங்கிலத்தில் வேலை பார்த்தவள் இந்திராதேவி. இவ்வளவு காலமும் குசினியில் சமைத்தபடி வகுப்பைக் கேட்டதோடு சரி. சனிக்கிழமை மேசைக்கு வந்து, முதலாளி மாதிரி கேள்வி கேட்டாள். பிறகு, சொந்தமாக ஒரு வசனம் சொல்லச் சொன்னாள்.

லின் யோசித்தாள். "மை டீச்சர் ஹாஸ் ஜஸ்ட் டைட் லாஸ்ட் வீக்."

சூ மேசைக்குக் கீழே அவளுக்கு ஒரு உதை விட்டாள்.

"போன கிழமை என்று சொன்ன பிறகு ஜஸ்ட் தேவையில்லை. ஹாஸும் வேண்டாம்" என்றாள் இந்திராதேவி. "மை டீச்சர் டைட் லாஸ்ட் வீக்."

லின் திருப்பிச் சொன்னாள். சூவும் சொன்னாள். இன்னொருமுறை சொல்லச் சொல்லிவிட்டு, இந்திராதேவி தேத்தண்ணி வைக்க எழும்பினாள்.

லின்னுக்கு வேலை கிடைத்தது. பிறகு அவள் அனுப்பிச் சமையற்கூடத்திலிருந்து வேறு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். விமலநாதனை ஒருநாளும் கண்டிராத அவர்களும் அதற்கு 'விமல் கிளாஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.